நிலத்தில் இறங்கியவர்களின் கதையை ஆவணப்படமாக எடுப்பது எப்படி: வட ஆற்காட்டுப் பக்கத்து இளைஞர்களுக்கு முழுமையான வழிகாட்டி

1974 ஏப்ரல் 25 அன்று போர்ச்சுகலில் இளம் ராணுவ அதிகாரிகள் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்தார்கள். சிப்பாய்களின் துப்பாக்கியில் ஜனங்கள் கார்னேஷன் பூவைச் செருகிய புரட்சி அது. அடுத்த வருஷம் கூலி விவசாயிகள் பெரிய பண்ணைகளுக்குள் இறங்கினார்கள். தெற்குப் பகுதியில் மட்டும் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் அவர்கள் கைக்கு வந்தது. தோர்ரே பேலா என்ற பண்ணை ஒரு பிரபுவுக்குச் சொந்தமானது. 1975 ஏப்ரலில் ஜனங்கள் அதற்குள் புகுந்த காலத்தில், தாமஸ் ஹார்லான் என்ற ஜெர்மானிய இயக்குநர் கேமராவோடு அங்கே இருந்தார். பண்ணையின் பெயரையே படத்துக்கும் வைத்தார்.

அந்தப் படத்தில் எல்லோரும் நினைவு வைத்திருக்கும் காட்சி ஒரு மண்வெட்டிச் சண்டை. கூட்டுறவு ஆரம்பித்தாயிற்று, உன் மண்வெட்டி இனி எல்லோருக்கும் பொது, அதற்கு விலை போட்டுக் கொடுக்கிறோம் என்கிறார் ஒருவர். நான் காசு போட்டு வாங்கியதை ஏன் கொடுக்க வேண்டும், இன்றைக்கு இதைக் கேட்பீர்கள், நாளைக்கு உடுத்தியிருக்கும் துணியையும் கேட்பீர்களா என்று மல்லுக்கு நிற்கிறார் மற்றவர். இருவரும் ஏழைகள், ஒரே பக்கம் நிற்பவர்கள். கேமரா அங்கிருந்து நகராமல் நிற்கிறது.

நிலப் போராட்டத்தைப் படமெடுக்க நினைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். கொடி, கோஷம், வேலியைத் தாண்டிக் குதிப்பது எல்லாம் ஒரு நாள் சங்கதி. மறுநாள் காலையில் யார் ஏர் பூட்டினார்கள், யாருக்கு மேட்டுப் பக்கம் போயிற்று, யாருக்கு மதகை ஒட்டிக் கிடைத்தது, மோட்டார் யாருடையது என்பதில்தான் படம் இருக்கிறது. கீழே நான் சொல்லப்போகிற ஒவ்வொரு படியும் அந்த மறுநாளைப் பிடிப்பதற்காகத்தான்.

எந்த நிலம், எந்தக் கேள்வி

‘வட ஆற்காட்டு நிலப் பிரச்சினை’ என்று பொதுவாக ஒரு படம் எடுக்க முடியாது. ஒரு ஊர், அதில் ஒரு சர்வே எண், அதில் இறங்கிய ஆட்கள் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். அந்த நிலம் எந்த வகை என்பதையும் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் கதை வேறு.

நம் பக்கம் அதிகம் பேச்சில் வருவது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமை பற்றி 1891-ல் எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892-ல் சென்னை மாகாண அரசு அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கியது. முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்கு அப்புறமும் அதே மக்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. ஊரில் இதை ‘டி.சி. நெலம்’ என்பார்கள், டி.சி. என்றால் ‘டிப்ரெஸ்டு கிளாஸ்’, அதாவது தாழ்த்தப்பட்ட வகுப்பு. அது எப்படி வேறு கைக்குப் போயிற்று என்பதே ஒரு முழுப் படத்துக்கு ஆகும். இந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்கு உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தை ஒட்டி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள்.

இரண்டாவது, உச்சவரம்பு உபரி நிலம், அதாவது ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்ன அளவுக்கு மேல் இருந்த நிலம். 1961 சட்டம் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றது. 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது. குறைகிறது என்ற பேச்சு கிளம்பியதும் யார் யார் பெயருக்கு நிலம் எழுதப்பட்டது என்று ஊரில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பூதான இயக்கத்துக்குத் தானமாகக் கொடுத்த நிலம், மேய்ச்சலுக்கு விட்ட மேய்க்கால், ஏரிப் புறம்போக்கு ஆகியவை தனித்தனி வகை. ஜவ்வாது மலை, ஏலகிரி மலை நிலங்களின் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே போக நினைப்பவர்கள் வனத்துறைக் காகிதங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

புரட்சி என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் தனி எடை உண்டு. 1980-ல் திருப்பத்தூர்ப் பக்கமும் தர்மபுரிப் பக்கமும் நக்சலைட்டுகளை ஒடுக்க நடந்த போலீஸ் நடவடிக்கையை அனுபவித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சில ஊர்களில் நிலம் என்று பேச்செடுத்தாலே வாசலில் உட்கார்ந்திருப்பவர் உள்ளே போய்விடுவார். அதைக் கோழைத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

காகிதம்தான் முதல் லொக்கேஷன்

கேமராவை வாங்குவதற்கு முன்னால் காகிதத்தைத் தேடுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டு எடுத்த படங்கள் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் ஒரே கேள்வியில் விழுந்துவிடும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு (எந்த சர்வே எண் எந்த வகை நிலம்), சிட்டா (யார் பெயரில் எவ்வளவு), அடங்கல் (என்ன பயிர்), புல வரைபடம் (எல்லை அளவு) என்ற நான்கையும் கேட்டுப் பாருங்கள். இவை இன்றைய நிலையைச் சொல்லும். பழைய நிலைக்கு, வெள்ளைக்காரன் காலத்தில் நிலத்தை அளந்து வரி போட்டபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேடு வேண்டும். அதை மாவட்டப் பதிவறையில் கேட்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறிப்புக் கட்டத்தில் நிபந்தனை என்றோ டி.சி. என்றோ எழுதியிருக்கிறதா, அது எந்தக் காலத்தில் காணாமல் போனது என்று பாருங்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த 1980-களின் யு.டி.ஆர். கணக்கெடுப்பில் பெயர் மாறியிருக்கிறதா என்பதைக் கட்டாயம் தேடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் எந்த வருஷம் யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்ற வரிசை கிடைக்கும்.

கேட்டுக் கிடைக்காவிட்டால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ‘நிலம் பற்றிய எல்லா விவரமும்’ என்று கேட்டால் எதுவும் வராது. கிராமம், சர்வே எண், பதிவேட்டின் பெயர், ஆண்டு என்று குறிப்பிட்டு நகல் கேளுங்கள்.

மாவட்ட எல்லைகளில் கவனம் தேவை. சித்தூர் 1911-ல்தான் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் வேலூரே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. இன்று அரக்கோணம் தாலுகாவில் இருக்கும் ஊரின் பழைய கோப்பு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசிலேயே கிடக்கலாம். ‘இங்கே இல்லை’ என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாமல், எந்த ஆண்டு எந்த அலுவலகத்துக்கு அனுப்பினார்கள் என்று கேளுங்கள். அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய பத்திரிகைகளுக்கு தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நல்ல இடம்.

பரம்பரையாக ஊர்க் கணக்கும் வரியும் பார்த்த கர்ணம், முன்சீப் முறை 1980-ல் ஒழிந்தது. அந்தக் குடும்பங்கள் சிலவற்றில் பழைய கணக்கு நோட்டுகள் பரணில் இன்னும் இருக்கின்றன. மரியாதையோடு கேட்டால் காட்டுவார்கள். காட்டினால் அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டைக் கையோடு கொண்டுவராதீர்கள்.

அளவுக் கணக்கில் குழம்பாமல் இருக்க ஒன்று. பெரியவர்கள் காணி, ஏக்கர், செண்ட் என்று பேசுவார்கள். பதிவேடு ஹெக்டேர், ஏர் என்று பேசும். ஒரு காணி சுமார் 1.32 ஏக்கர், ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு ஏர் 2.47 செண்ட்.

கேமரா இல்லாமல் ஊருக்குள்

முதல் சில தடவை வெறுங்கையோடு போங்கள். கூலி வேலைக்குப் போகும் ஊர்களில் பகலில் போய்ப் பயனில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போனவர்கள் இருட்டிய பிறகுதான் வருவார்கள். பீடி சுற்றும் வீடுகளில் பெண்கள் கை ஓயாமலே பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குக் காதுகொடுங்கள்.

புல வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு, ஊரில் மூத்தவர் ஒருவரோடு அந்த நிலத்தின் எல்லையைச் சுற்றி நடங்கள். இதைவிடச் சிறந்த ஆராய்ச்சி முறை எனக்குத் தெரியாது. கே.வி.குப்பம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு ஆயாவோடு அப்படி நடந்தேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. வரப்பில் ஒரு இடத்தில் நின்று, காலால் மண்ணைத் தட்டி, ‘இங்கதாம்பா கல்லு இருந்துது, புடுங்கி அந்தக் கெணத்துல போட்டுட்டானுங்க’ என்றார். வரைபடத்தில் சரியாக அந்த முனையில் ஒரு கல் குறித்திருந்தது. பேட்டி எடுக்க உட்கார வைத்திருந்தால் அந்த வாக்கியம் வந்திருக்காது. அடுத்த முறை கேமராவோடு போனபோது கிணற்றில் தண்ணீர் வற்றியிருந்தது. எட்டிப் பார்த்தால் சேற்றுக்குள் கல் தெரிந்தது.

கையெழுத்து வாங்குவதற்கு முன்

சினிமாப் பள்ளிகளில் ஒப்புதல் படிவத்தைச் சாதாரணமாக நீட்டச் சொல்லிக் கொடுப்பார்கள். இங்கே அப்படி நீட்டாதீர்கள். வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கித்தான் நிலம் போனது என்று சொல்லும் குடும்பத்தின் முன்னால் ஒரு பேப்பரையும் பேனாவையும் வைப்பது எப்படிப்பட்ட காரியம் என்று யோசியுங்கள்.

நான் செய்வது இது. படிவத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, நாலு பேர் இருக்கும்போது சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். அவர்கள் வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையையே படிக்கச் சொல்கிறேன். ஒரு நகலை அவர்களிடமே விட்டுவிட்டு வருகிறேன். அடுத்த முறை போகும்போது கேமராவிலேயே சம்மதத்தைச் சொல்லச் சொல்கிறேன். ஊரில் படத்தைப் போட்டுக் காட்டும் நாள்வரை யார் வேண்டுமானாலும் ‘என்னை எடுத்துடு’ என்று சொல்லலாம் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கும். எதற்காக எடுக்கிறோம், எங்கே காட்டுவோம், பணம் வந்தால் யாருக்கு என்பதையும் அதில் எழுதிவிடுங்கள்.

உங்கள் கேமரா சாட்சியாக மாறலாம்

நிலத்தில் இறங்குவது சட்டப்படி அத்துமீறல் வழக்காகலாம். நீங்கள் எடுத்த காட்சியில் முதலில் கம்பி வேலியை வெட்டியவர் முகம் தெளிவாகத் தெரிந்தால், அதையே வைத்து அவர்மேல் கேஸ் போடலாம். போலீஸ் எழுத்துமூலம் கேட்டால் ஒரிஜினலைக் கொடுக்க வேண்டி வரலாம். படப்பிடிப்புக்கு முன்பே ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசுங்கள். மறுபக்கமும் உண்டு: பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நிலத்தை அநியாயமாகப் பிடித்து வைத்திருப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். உங்கள் காட்சி அந்த வழக்குக்கும் உதவலாம்.

திட்டம் போடும் கூட்டத்தில் முகங்களை எடுக்காதீர்கள். கைகள், செருப்புகள், சுவரில் விழும் நிழல் போதும். பேச்சைப் பதிவு செய்யவும் அனுமதி கேளுங்கள். கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆட்களின் பெயரை எழுதாமல் எண் கொடுங்கள். எந்த எண் யார் என்ற பட்டியல் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்று இதைவிடச் சிக்கலானது. தோர்ரே பேலா படம் வந்து பல வருஷம் கழித்து, போர்ச்சுகீசிய இயக்குநர் ஜோஸே ஃபிலிப்பே கோஸ்தா அதைப் பற்றியே 2011-ல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். படக்குழு சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்ததா, நடந்தவற்றில் அதற்கும் கை இருந்ததா என்பதுதான் அந்தப் படம் கிளறிய கேள்வி. இந்தக் கேள்வி நம்மையும் விடாது. கேமரா நிற்கும் இடத்தில் ஜனங்கள் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார்கள், கொஞ்சம் துணிச்சலாக நடப்பார்கள். நீங்கள் கிளம்பிய பிறகு அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

அதனால் எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடுகள் உண்டு. ‘இன்னொரு தடவை இறங்குங்க’ என்று சொல்வதில்லை. எந்தத் தேதியில் போகலாம் என்று என்னிடம் கேட்டால் பதில் சொல்வதில்லை, என் படப்பிடிப்புத் தேதியையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அவர்களாகவே பழைய சம்பவத்தை நடித்துக் காட்டினால், அது நடித்துக் காட்டியது என்று படத்தில் தெரிய வைக்கிறேன். தினமும் ராத்திரி, இன்று என்னால் ஏதாவது மாறியதா என்று நோட்டில் எழுதுகிறேன். எடிட்டிங்கில் அந்த நோட்டு ரொம்ப உதவும்.

கருவி, சத்தம், வெயில்

நல்ல செல்போனே போதும். காசு இருந்தால் மைக்கில் போடுங்கள். மங்கலான படத்தை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், கேட்காத பேச்சைப் பொறுக்க மாட்டார்கள்.

நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் துடிக்காது. ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுங்கள். சட்டையில் குத்தும் மைக்கைப் புடவையில் குத்தும்போது உரசல் வரும். அதைக் குத்திக்கொள்ள வீட்டுப் பெண்களிடமே கொடுங்கள். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் அந்த இடத்தின் சத்தத்தைப் பிடியுங்கள். ஆடி மாசம் கூழ் ஊற்றும் வாரங்களில் ஸ்பீக்கர் காலையிலேயே ஆரம்பித்துவிடும், பேட்டி எதுவும் வைக்காதீர்கள்.

வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும். கேமரா சூடேறி நின்றுவிடும். காலை எட்டரைக்குள் ஒரு வேலை, சாயங்காலம் நாலரைக்கு மேல் ஒரு வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கறுப்புக் குடை ஒன்று கேமராவுக்கு மட்டும்.

ட்ரோன் ஆசை எல்லோருக்கும் உண்டு. அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது, அந்தச் சுற்றுவட்டத்தில் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம். மற்ற இடங்களிலும், எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். என்னைக் கேட்டால் ஏரிக்கரை மேலே நின்று எடுத்தாலே போதும்.

எதை எடுப்பது

ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் கேமராவை வைத்து, சித்திரையில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பிய கார்த்திகையில் ஒன்று என்று எடுங்கள். ஒரே கழனி இரண்டு முகம் காட்டும். எதற்காக அவ்வளவு சண்டை என்பது அப்போதுதான் வெளியூர்க்காரருக்குப் புரியும்.

பேட்டியில் ‘எப்படி இருந்துச்சு’ என்று கேட்டால் ‘சந்தோஷமா இருந்துச்சு’ என்பதோடு முடிந்துவிடும். பொருளைப் பற்றிக் கேளுங்கள். ‘அன்னிக்கி மொதல்ல யாரு எறங்கனது? கையில இன்னா இருந்துது? ஏர் எங்கிருந்து வந்துது? மொத வெள்ளாம இன்னா, மல்லாட்டையா, கேவுரா? வெதைக்கு யாரு கடன் குத்தது? எப்பிடிப் பிரிச்சீங்க?’ கடைசிக் கேள்வியில் சபை கலைய ஆரம்பிக்கும். ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் ‘பொய் சொல்லாத’ என்பார். கேமராவை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மண்வெட்டிச் சண்டை இங்கேதான் வரும்.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். இறங்கிய அன்று முன்வரிசையில் யார் நின்றார்கள், பட்டா யார் பெயரில் கேட்கப்பட்டது என்ற இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பல ஊர்களில் இரண்டுக்கும் பதில் வேறு வேறாக இருக்கும்.

நிலத்தை இப்போது வைத்திருப்பவரையும் போய்ப் பாருங்கள். அவர் மூன்றாம் கை, நாலாம் கையாகக் காசு கொடுத்து வாங்கியவராக இருக்கலாம், அந்தக் காசு அவருடைய வாழ்நாள் சம்பாத்தியமாகவும் இருக்கலாம். அவரிடமும் அதே மரியாதையோடு பேசுங்கள். ஆனால் இருவருக்கும் சமமான நேரம் கொடுத்தால் நியாயம் ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஆவணம் யார் பக்கம் பேசுகிறதோ அதைப் படம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எடிட்டிங்

நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 45 ஜி.பி. ஆகும். அன்றன்றே மூன்று பிரதி எடுங்கள், ஒன்று வெளியூரில் இருக்கட்டும்.

பேட்டிகளை அவர்கள் பேசியபடியே எழுதுங்கள். ‘கீது’ என்றால் ‘கீது’தான், ‘இருக்கிறது’ என்று மாற்றாதீர்கள். எழுதி முடித்த தாள்களைத் தரையில் பரப்பி வரிசைப்படுத்துவது எனக்கு இன்றும் பிடித்த முறை.

நிலத்தில் இறங்கிய நாளில் படத்தை ஆரம்பிக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஏதோ ஒரு சாதாரண வேலை நாளில் ஆரம்பித்துப் பாருங்கள்: களை எடுப்பது, மடை திருப்புவது. யாருடைய நிலம் என்ற கேள்வி பார்ப்பவருக்குத் தானாக எழும்பட்டும். பதிவேட்டின் பக்கத்தைக் காட்டும்போது பார்ப்பவர் படித்து முடிக்கும்வரை திரையில் வையுங்கள். தட்டுத்தடுமாறிப் படிப்பவரின் வேகம்தான் கணக்கு. போராட்டக் காட்சிமேல் இசை போடாதீர்கள். அங்கே இருந்த சத்தமே போதும்.

முதலில் ஊரில்

படத்தை முதலில் போட வேண்டிய இடம் அந்த ஊர். முழுதாக முடிப்பதற்கு முன்பே போடுங்கள், மாற்றச் சொன்னால் மாற்ற இடம் இருக்க வேண்டும். வேலைக்குப் போனவர்கள் வந்து சாப்பிட்டு முடிக்கும் நேரமாக, எட்டு மணிக்கு மேல் வையுங்கள். வெள்ளை வேட்டி, வாடகை புரொஜெக்டர், ஒரு ஜெனரேட்டர் போதும். படம் ஓடும்போது திரையைப் பார்க்காமல் ஆட்களைப் பாருங்கள். எங்கே முகம் திருப்புகிறார்கள், எங்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, மறுநாள் தனியாகப் போய்க் கேளுங்கள். யாராவது தன்னை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள், அது படத்தின் சிறந்த காட்சியாக இருந்தாலும்.

அதற்குப் பிறகுதான் விழாக்கள், தணிக்கை எல்லாம். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விழாக்களுக்குப் பெரும்பாலும் விழாக்காரர்களே விலக்கு வாங்கிவிடுவார்கள்.

கடைசி வேலை ஒன்று இருக்கிறது, பல படக்குழுக்கள் இதைச் செய்யாமல் போய்விடுகின்றன. நீங்கள் தேடி எடுத்த பதிவேட்டு நகல்கள், அரசாணை, வில்லங்கச் சான்று, புல வரைபடம் எல்லாவற்றையும் சர்வே எண் வாரியாக அடுக்கி, மேலே தமிழில் பட்டியல் எழுதி, ஊரில் அவர்கள் நம்பும் இரண்டு வீடுகளில் கொடுங்கள். இறந்துபோன பெரியவர்களின் பேட்டியை வெட்டாமல் அந்தந்தக் குடும்பத்துக்குப் பென் டிரைவில் கொடுங்கள். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணைக்குக் கூப்பிடும் நாளில் அவர்கள் கையில் கொண்டுபோவது அந்தக் கட்டாகத்தான் இருக்கும். செராக்ஸ் தெளிவாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.